சுருட்டைச் சேவலுக்குச் சுருட்டைப் பெட்டை வேண்டாமே!

கரிவலம்வந்தநல்லூர் ஆச்சி ஒருவருக்குச் சுருட்டைக்கோழி என்றால் உயிர். இறகெல்லாம் வெளிப்பக்கமாகச் சுருண்டு நிற்கும். அழகாக இருக்கிறதே என்று சேவல், பெட்டை இரண்டையும் சுருட்டையாகவே பார்த்துச் சேர்த்தார். பொரித்த குஞ்சுகளில் சில, வளர வளர இறகு ஒடிந்து தோல் தெரிய நின்றன. 'யார் கண்ணு பட்டுச்சோ' என்று மிளகாய் சுற்றிப் போட்டார். மிளகாய்தான் வீண்!

இறகை உருவாக்கும் கெரட்டின் புரதத்தின் மரபணுவில் உள்ள மாற்றமே சுருட்டைக்குக் காரணம் என்று 2012-ல் கண்டறிந்தார்கள். அது தாய், தகப்பன் யாராவது ஒருவரிடமிருந்து வந்தால் அழகுச் சுருட்டை. இருவரிடமிருந்தும் வந்தால் இறகு நொறுங்கும். சுருட்டையோடு சுருட்டை சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குஞ்சுக்கு இந்தக் கதிதான். அந்தக் குஞ்சுகளுக்கு உடம்புச் சூடு நிற்காது. மழையிலும் மார்கழிப் பனியிலும் வெளியே விடக் கூடாது.

சுருட்டைச் சேவலுக்குச் சாதா இறகுப் பெட்டையைச் சேர்த்தால் போதும். ஏறக்குறைய பாதிக் குஞ்சுகள் சுருட்டை, மீதி சாதா.

அதேசமயம், கழுத்தில் இறகே இல்லாத நாட்டுக்கோழியைக் குறையென்று கழித்துவிடாதீர்கள். இறகு குறைவு என்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும். உத்தரப் பிரதேசத்தின் இஸ்ஸத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம், மொட்டைக்கழுத்துக் கோழியிலிருந்து 'ஹிட்காரி', சுருட்டையிலிருந்து 'உப்காரி' என்று புறக்கடைக் கோழிகளையே உருவாக்கியிருக்கிறது. சங்கரன்கோவில் பக்கத்துச் சித்திரை வெயிலில் கோழி வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?