ரூமுக்கு நாலு பேர்!

விருதுநகர்ல எண்ணெய் புரோட்டா. அப்புறம் சாத்தூர் போய் ஏழாயிரம்பண்ணை பஸ். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு, நடுவுல தள்ளித் தள்ளி குட்டிக் குட்டி ரூம்கள்.

"ரூமுக்கு நாலு பேர்தான் தம்பி, அதான் ரூல்" என்றார் பக்கத்து சீட் அக்கா. ஒண்ணு வெடிச்சா அடுத்தது தப்பணும், அதுக்குத்தான் இந்த இடைவெளி. (எங்க காலேஜ்ல 'சேஃப்டி' என்பது ரெண்டு மார்க் கேள்வி!)

ரூல் இருந்தும், 2021 பிப்ரவரி 12-ல் இதே பக்கம் அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். லைசென்ஸ் ஒருத்தர் பேரில், ரூம்களோ பலருக்கு உள்குத்தகை. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது.

"ரூல் மீறுறாங்கன்னு புகார் கொடுக்கலாமேக்கா?"

"கொடுத்தா சீல் வெப்பாக. மறுநாள் கூலிக்கு எங்க போக?"

ஸ்டாப் வந்தது. காலி தூக்குவாளியோடு இறங்கிவிட்டார்.