கலங்கிய நீர் சொன்ன பாடம்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

தெளிந்த நீரைக் கண்டால் அள்ளிக் குடிக்கத் தோன்றுகிறது. கலங்கிய நீரைக் கண்டால் கொட்டிவிடத் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாக நம் கண்ணுக்குப் பழகிப்போன தீர்ப்பு இது. குடிநீரைப் பொறுத்தமட்டில் இத்தீர்ப்பு பெரும்பாலும் சரியே. ஆனால் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் மீன் தொட்டிக்கு இது பொருந்துமா? பொருந்தாது என்பதை எங்கள் வீட்டில் இரண்டு தங்கமீன்கள் உயிரைக் கொடுத்து உணர்த்தின. அவற்றின் கதையையும், அதன் பின்னுள்ள அறிவியலையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீன் தொட்டி தோன்றிய நாளிலேயே கலங்கல் நீரும் அதனுடன் தோன்றிவிட்டது எனலாம். இலண்டன் நகரில் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார், ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்து வளர்த்தார். செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு. மீன் விடும் கரியமில வாயு செடிக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆயினும் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கியது. அவர் நீரைக் கொட்டவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் அவர் இதை வேதியியல் கழகத்தில் வெளியிட்டார். பிலிப் ஹென்றி காஸ் என்பவர் 1854இல் வெளியிட்ட நூலின் வழியே ‘அக்வேரியம்’ என்ற பெயர் பரவியது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909இல் ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அன்று பொருட்காட்சியாக இருந்தது இன்று நடுத்தர வீடுகளின் கூடத்திலும், முடிதிருத்தும் கடையிலும், மருத்துவர் காத்திருப்பறையிலும் குடியேறிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது மாமாவின் மூலமாக. அடுத்த தெருவில் இருக்கும் அவர் பெரிய தொட்டி வாங்கியபோது பழையதை எங்களுக்குக் கொடுத்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கூடவே கூழாங்கல் ஒரு பை, காற்றுக் குமிழ் விடும் சிறு மோட்டார், பஞ்சு வடிகட்டி, ஐந்து தங்கமீன்கள். என் தங்கை ஐந்துக்கும் அன்றே பெயர் வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் தண்ணீர் கஞ்சித் தெளிவுபோல் வெளுத்தது. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். எல்லாத் தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பினார். தொட்டி பளிங்குபோல் மின்னியது. வியாழக்கிழமை மறுபடியும் கஞ்சி. அடுத்த ஞாயிறும் அதே கழுவல். அன்றிரவு, தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்த வேளையில், இரண்டு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிந்தபோது அவை பக்கவாட்டில் மிதந்தன. தங்கை அன்று பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். மாமாவைக் குறை சொல்வதற்கில்லை. மீன் வளர்க்கும் வீடுகள் பலவற்றில் அதைத்தான் செய்கிறார்கள்.

மூன்றாம் முறையும் தொட்டி வெளுத்தபோது அம்மா குறுக்கே நின்றுவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். இரண்டு கன அடித் தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். எங்கள் வீட்டுக் குடத்துக்கு அது நாலு குடம். “குடிக்கவே தெருக்குழாயில காத்துக் கெடக்குறோம். வாரா வாரம் நாலு குடத்தைச் சாக்கடையில கொட்டுறதா? இன்னொரு தடவ கொட்டுனா தொட்டியே இந்த வீட்ல வேணாம்” என்றார்கள். மாமா என்னைப் பார்த்து, “என்ன மாப்ள, மீனப் பத்திப் படிக்கிறவன் நீதானே? நீயே சொல்லு” என்றார். கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கல்லூரியில் படித்தது வீட்டில் ஒரு குடம் தண்ணீரையாவது மிச்சப்படுத்துமா என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. ஒரு வாரம் தவணை கேட்டேன், கிடைத்தது.

கலங்கல் என்பது ஒன்றல்ல, பல. முதலாவது கல் தூசி. சரியாகக் கழுவாத கூழாங்கல்லோ மணலோ போட்டால் தொட்டி வைத்த அன்றே நீர் சாம்பல் நிறமாகும். ஓரிரு நாளில் படிந்துவிடும். இரண்டாவது சுண்ணாம்பு. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பல உப்புச்சப்பான கடின நீரைத் தருபவை. காற்றுக் குமிழ் விடும்போது நீரிலுள்ள கரியமில வாயு வெளியேற, கால்சியம் கார்பனேட் வெண்பொடியாகப் பிரியும். மூன்றாவது பச்சை. வெயில் படும் சன்னலோரத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத பாசிச் செல்கள் கோடிக்கணக்கில் பெருகி நீரே பச்சையாகிவிடும். நான்காவது தேநீர் நிறம். அழகுக்குப் போட்ட மரக்கட்டையிலிருந்து இறங்கும் சாயம் அது, கெடுதல் இல்லை. ஐந்தாவது பால் வெள்ளை. அது பாக்டீரியாவின் பெருக்கம்.

எங்களுடையது எது? மூன்று டம்ளர்களில் தொட்டி நீரைப் பிடித்தேன். ஒன்றை அசையாமல் ஓர் இரவு வைத்தேன். அடியில் எதுவும் படியவில்லை; ஆகவே தூசி அல்ல. இரண்டாவதில் ஊறுகாய்க்கு வாங்கியிருந்த வினிகரைச் சில சொட்டு விட்டேன். சுண்ணாம்பாக இருந்தால் அமிலத்தில் கரைந்து தெளிந்திருக்க வேண்டும், தெளியவில்லை. மூன்றாவதை நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டினேன். கலங்கல் அப்படியே துணியைத் தாண்டி இறங்கியது. வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பார்த்தால் பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை.

மறுநாள் ஒரு சிறு புட்டியில் அந்த நீரைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். ஆசிரியரின் அனுமதியுடன் ஆய்வகத்து நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்து 400 மடங்கு பெருக்கிப் பார்த்தபோது, மாவு தூவியதுபோல் எண்ணற்ற புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன. அவற்றினூடே மயிரிழைகளால் நீந்தும் ஓரணு உயிரிகள் சில, அந்தப் புள்ளிகளை மேய்ந்துகொண்டிருந்தன. ஆசிரியர் குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் என்றால், யாரோ விருந்து வைக்கிறார்கள். யாரப்பா அது?”

விருந்து வைத்தது எங்கள் அப்பத்தா. கோயில் தெப்பக்குளத்து மீனுக்குப் பொரி போடுவது புண்ணியம் என்று நம்பி வளர்ந்தவர். வீட்டுக்கே குளம் வந்துவிட்ட மகிழ்ச்சியில் காலையும் மாலையும் கைப்பிடி கைப்பிடியாகப் பொரி போட்டுக்கொண்டிருந்தார். மீன் தின்றது போக மீதி ஊறிக் கல்லிடுக்கில் இறங்கி அழுகியது. தெப்பக்குளத்தின் பரப்புக்கு அது தூசு. 56 லிட்டருக்கு அது மலை.

கலங்கலுக்கு மருந்தும் அப்பத்தாவே சொன்னார். “ராசா, எங்க ஊர் ஊருணித் தண்ணிக்குப் பானையில தேத்தாங்கொட்டையத் தேச்சு வைப்போம். விடியறதுக்குள்ள பளிச்சுனு தெளிஞ்சிரும். அதப் போட்டுப் பாரேன்.” அது உண்மையே. தேத்தாங்கொட்டையின் சத்து மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியச் செய்கிறது. நம் முன்னோரின் அனுபவ அறிவுக்கு அது நல்ல சான்று. ஆனால் ஊருணியின் கலங்கல் மண். தொட்டியின் கலங்கல் உயிர். அழுகும் பொரி அடியில் கிடக்கும்வரை, எதைத் தேய்த்தாலும் பாக்டீரியா மீண்டும் பெருகும். நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறானால் மருந்தும் வேறுதானே!

அப்படியானால், தெளிந்த நீரில் மீன் ஏன் இறந்தது? இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. மீனின் செவுள்வழி வெளியேறுவதும், அழுகும் இரையில் பிறப்பதும் அம்மோனியா. அதற்கு நிறமில்லை. நீர் பளிங்குபோல் இருக்கும்போதே அது மீனின் செவுளைத் தின்னும். நீர் காரத்தன்மை கொண்டால் அதன் கொடுமை கூடும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் அரைப்பங்கு அளவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ ஐந்து பங்காகிவிடும். நம் ஊர்க் கடின நீருக்கும் கோடை வெயிலுக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்லவேண்டியதில்லை.

இந்த நஞ்சை முறிக்க இயற்கை வேறு பாக்டீரியாக்களை வைத்திருக்கிறது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அது பெரும்பாலும் தீங்கற்ற உரம். இது நுண்ணுயிர்களின் வேலை என்பதை இரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராத்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி அவற்றைப் பிரித்தெடுத்து நிறுவினார். நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாவது வேலையைச் செய்வது, நெடுங்காலம் நம்பியதுபோல் நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்பது 1998இல் வெளியான ஆய்வில் தெரிந்தது.

இந்த நல்லவர்கள் நீரில் மிதப்பவர்கள் அல்லர். கல்லிலும் பஞ்சிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்பவர்கள். மெதுவாகப் பெருகுபவர்கள். அழுகலைத் தின்று நீரை வெளுக்கவைக்கும் பாக்டீரியா, வசதி கிடைத்தால் அரைமணிக்கும் குறைவான நேரத்தில் இரட்டிக்கும். இவர்களுக்கோ ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். ஒரு புதுத் தொட்டியில் இவர்கள் வேரூன்ற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை எண்ணிப் பாருங்கள். கல்லை வெயிலில் காயவைத்து, பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் பிழியும்போது, அழுக்கோடு காவல்காரனும் போய்விடுகிறான். புதிதாக ஊற்றிய நீரின் குளோரின் மீனின் செவுளையும் அரிக்கிறது. கழுவக் கழுவத் தொட்டி என்றும் முதல் நாளிலேயே நின்றுவிடுகிறது.

காரணம் தெரிந்தபின் செய்யவேண்டியது குறைவாகவே இருந்தது. கல்லிடுக்கில் கிடந்த பொரியைச் சிறு இரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். இரண்டு நாள் மீனுக்கு இரை இல்லை. பட்டினியால் அவை சாவதில்லை. பிறகு இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும், நாளுக்கு ஒருமுறை. நீரை வெளுக்கவைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனையும் குடித்துவிடுமாதலால், மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட்டேன். நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினேன்; முந்தின நாளே வாளியில் பிடித்துத் திறந்துவைத்த நீரை ஊற்றினேன். பஞ்சை, எடுத்த பழைய நீரிலேயே அலசினேன். ஆசிரியர் சொன்னபடி குளத்திலிருந்து ஹைட்ரில்லாப் பாசி ஒரு கொத்து கொண்டுவந்து நன்கு அலசிப் போட்டேன்.

இரை போடும் பொறுப்பை அப்பத்தாவிடமிருந்து பிடுங்கவில்லை. இரண்டு விரலால் கிள்ளும் அளவு என்று காட்டினேன். அதற்குமேல் தங்கை போட வந்தாலும் இப்போது அவரே கையைத் தட்டிவிடுகிறார். பொரிப் புண்ணியம் வெள்ளிக்கிழமைகளில் தெப்பக்குளத்துக்கே போய்விட்டது.

மூன்று நாள் எந்த மாற்றமும் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. மாமா வந்து பார்த்து, “கொட்டிரலாமா மாப்ள?” என்று இரண்டுமுறை கேட்டார். ஐந்தாம் நாள் பின்சுவர் மங்கலாகத் தெரிந்தது. எட்டாம் நாள் காலையில் தொட்டியின் அந்தப் பக்கம் நின்ற தங்கையின் முகம் நீரினூடே தெளிவாகத் தெரிந்தது. ஒருவரும் கழுவவில்லை, தண்ணீர் தானே தெளிந்தது. எஞ்சிய மூன்று மீன்களும் இதை எழுதும் நாளிலும் நலமாக நீந்துகின்றன.

வாரம் நாலு குடமாக இருந்தது இப்போது ஒரு குடம். எடுக்கும் அந்த ஒரு குடமும் சாக்கடைக்குப் போவதில்லை. நைட்ரேட் கலந்த அந்நீரை அம்மா கொல்லைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறார்கள்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ தொட்டி கலங்கினால் உடனே வாளியைத் தூக்காதீர்கள். என்ன நிறம், எந்த நாளில் தொடங்கியது, யார் எவ்வளவு இரை போடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு டம்ளரில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். பாதி விடையைத் தண்ணீரே சொல்லிவிடும். மீதி விடைக்கு நம் ஆய்வகத்தின் நுண்ணோக்கி இருக்கவே இருக்கிறது.