பழைய ஜாய்ஸ்டிக்கில் ஒரு கோளாறும் இல்லை

என் சிமுலேட்டர் பதிவேட்டில் 612 மணி நேரம் இருக்கிறது. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது இந்த எண்ணைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருந்தால் போதும் என்பதையும் கூடவே சேர்த்துக்கொள்வேன். மீதிக் கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

மூன்று மாதத்துக்கு முன் நானே ஒரு கணக்குப் போட்டேன். நான் ஓட்டுவது கண்ணாடித் திரை வைத்த செஸ்னா 172. ஓடுபாதையை விட்டுக் கிளம்பி 400 அடி ஏறியதும் ஏபி என்ற பொத்தானைத் தட்டுவேன். அதற்குப் பிறகு விமானம் ஆட்டோபைலட்டின் பொறுப்பு. இறங்கும்போது தரை நெருங்கியதும் அதை விடுவிப்பேன். ஆக, ஒரு பயணத்தில் என் கை விமானத்தை ஓட்டுவது மூன்று நிமிடம். ஏறக்குறைய ஐந்நூறு பயணம் என்றால் இருபத்தைந்து மணி நேரம் தேறும். அதிலும் பாதி, சக்கரம் தரையில் உருண்ட நேரம்.

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. பொம்மை விமானம்கூட.

இதை எழுதவே இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. காரணம், நான் முழுப் பொய்யனும் இல்லை. அந்தத் திரைகளை எனக்கு நன்றாகத் தெரியும். கார்மின் நிறுவனத்தின் ஜி1000. முன்னால் இரண்டு திரை. இடது திரையில் நீல வானமும் பழுப்பு மண்ணும். அதன் இடப்பக்கம் வேகப் பட்டை, வலப்பக்கம் உயரப் பட்டை. தலைமாட்டில் ஒரு வரி ஓடும். இப்போது ஆட்டோபைலட் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது பச்சையில், அடுத்து எதைப் பிடிக்கக் காத்திருக்கிறது என்பது வெள்ளையில். ஜிபிஎஸ் காட்டும் வழி மெஜந்தா நிறத்தில், அதாவது வாடாமல்லி நிறத்தில். நான் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிறவன். பகலெல்லாம் கட்டம் கட்டமாக எண் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தால், வானத்தையே ஒரு பேரேடாக மாற்றி யாரோ என் மேசையில் வைத்திருக்கிறார்கள். மயங்கிவிட்டேன்.

அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வேகப் பட்டையின் ஓரத்தில் வாடாமல்லி நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று மேலும் கீழும் நீளும். இன்னும் ஆறு விநாடியில் உன் வேகம் எவ்வளவு இருக்கும் என்று அது சொல்லும். உயரத்துக்கும் அப்படி ஒரு கோடு உண்டு. ஆறு விநாடி எதிர்காலம்! கிளி ஜோசியக்காரர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. அந்த ஆறு விநாடிக்கு நான் எவ்வளவு பழகிப்போயிருந்தேன் என்பது அது இல்லாத இடத்தில்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் தாண்டிக்குடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்து கோயம்புத்தூர். நேர்கோட்டில் சுமார் 95 கடல் மைல். இரண்டு ஊரையும் கருவியில் போட்டேன், கோடு விழுந்தது. மேற்கு நோக்கிப் போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 சேர்த்த உயரத்தில் பறக்க வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடம். அதன்படி 4,500 அடி வைத்தேன். விதியை மதித்த திருப்தியில் எழுந்துபோய் அடுப்பில் பாலை வைத்தேன்.

அந்தக் கோடு கீழ்ப் பழனி மலைக்கு மேலே போகிறது என்பது மதுரைக்காரனான எனக்குத் தெரியாதா? தெரியும். வத்தலக்குண்டு வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் ஏறியிருக்கிறேன், எத்தனை கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்திருக்கிறேன். ஆனால் திரையில் கோடு நேராக இருந்தது. நேரான கோட்டில் மலை இருக்கும் என்று தோன்றவில்லை.

காபியோடு வந்து உட்கார்ந்தபோது எதிரே பச்சைச் சுவர். இப்போது நான் சொல்வதைக் கவனியுங்கள், என் குற்றத்தின் மையம் இதுதான். ஜாய்ஸ்டிக் இடது கைப் பக்கம் அரை அடி தள்ளி இருந்தது. என் கை அதைத் தொடவே இல்லை. வலது கை மவுஸுக்குப் போனது. உயரக் குமிழைச் சுழற்றி 7,500 வைத்தேன். விஎஸ் பொத்தானை அழுத்தினேன். நிமிடத்துக்கு 1,500 அடி ஏறு என்று உத்தரவு கொடுத்தேன். அந்த உயரத்தில் முழு விசை கொடுத்தால்கூட செஸ்னா 172 அதில் பாதி ஏறுவதே பெரிது. நான் விசையையும் கூட்டவில்லை. ஆட்டோபைலட்டோ சொன்ன சொல் தட்டாத பிள்ளை. விஎஸ் முறையில் அதற்கு வேகத்தைப் பற்றி அக்கறை கிடையாது. மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. 110 நாட், 90, 70. ஆறு விநாடிக் கோடு பட்டையின் அடிவரை நீண்டது. வேகம் போதாமல் விமானம் விழப்போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கை ஊளையிட்டது. 172-இன் ஆட்டோபைலட் மூக்கைத்தான் ஆட்டும். த்ராட்டில் என் கையில். அது எனக்கு அட்சர சுத்தமாகத் தெரியும், பரீட்சை வைத்தால் எழுதியிருப்பேன்.

சேதம் என்ற அமைப்பை அணைத்து வைத்திருந்தேன். அதுவும் ஒப்புதல் கணக்கில் சேரட்டும். அதனால் விமானம் நொறுங்கவில்லை. தாண்டிக்குடிப் பக்கம் ஏதோ காப்பித் தோட்டத்தில் துள்ளித் துள்ளி நின்றது. காபி ஆறிப்போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னதெல்லாம் அடுத்தவர் கதை. 1997-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கேப்டன் வாரன் வாண்டர்பர்க் தன் விமானிகளுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். திரையில் விழும் மெஜந்தா கோட்டையே பிடித்துக்கொண்டு, நிலைமை மாறும்போது பொத்தான்களைத் தட்டிக்கொண்டே இருக்கிறவர்களை ‘மெஜந்தாவின் பிள்ளைகள்’ என்றார். இந்தக் கதை என்னிடம் நூறு முறை கைதட்டல் வாங்கியிருக்கிறது. இன்னொன்று சான் பிரான்சிஸ்கோ. 2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், விமானிகளைக் கையால் ஓட்டும் பழக்கத்தில் வைத்திருங்கள் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூலை 6, நல்ல வெயில். ஏசியானா 214, போயிங் 777. வேகத்தை ஆட்டோத்ராட்டில் பார்த்துக்கொள்ளும் என்று ஓட்டியவர் நம்பியிருந்தார். இடையில் மாறிய ஒரு முறையால் அது சும்மா இருந்துவிட்டது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103-க்குச் சரிந்து, வால் கடற்சுவரில் அடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். “முறை என்னன்னு பார்க்க ஒரு பார்வை போதும், அதைப் பார்க்கல” என்று நான் உச்சுக்கொட்டிச் சொல்வேன். தாண்டிக்குடிக்குப் பிறகும் சொல்லியிருக்கிறேன்.

இனி அக்கா மகள். வெளிமாநிலத்தில் ஒரு பறக்கும் பள்ளியில் படிக்கிறாள். சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தாள். அவள் ஓட்டுவது செஸ்னா 152. முள் வைத்த வட்ட மீட்டர்கள்.

“இன்னும் முள்ளு மீட்டர்தானாம்மா? அப்ப எஃப்எல்சிக்கும் விஎஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியாதே உனக்கு.”

“தெரியாது மாமா. சொல்லுங்க.”

சொன்னேன். இருபது நிமிடம். எஃப்எல்சி வேகத்தைப் பிடிக்கும், விஎஸ் ஏற்றத்தைப் பிடிக்கும், விவரம் தெரியாதவன் விஎஸ் போட்டு மலையில் மோதுவான் என்றேன். அவன் யார் என்று சொல்லவில்லை.

கேட்டு முடித்துவிட்டு, “சூப்பரா சொல்றீங்க மாமா. 152-ல ஒரே ஒரு சர்க்யூட் போட்டுக் காட்டுங்களேன், எங்க சாருக்கு வீடியோ அனுப்புறேன்” என்றாள். கிண்டல் இல்லை. உண்மையிலேயே நம்பித்தான் கேட்டாள்.

அமைப்புகளைத் திறந்தாள். “இது என்ன மாமா, ஆட்டோ ரட்டர் ஆன்ல இருக்கு?” விமானம் பக்கவாட்டில் இழுக்காமல் தானே பார்த்துக்கொள்ளும் அந்த அமைப்பை அணைத்தாள். மதுரை ஓடுபாதை 09. விசையைக் கொடுத்ததும் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போனது. 612 மணி நேரத்தில் அந்த இழுப்பை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாவது முறை எப்படியோ எழும்பினேன். ஏற்ற இறக்கத்தைக் காட்டும் முள் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் பேசும். அது ‘இறங்குகிறாய்’ என்று சொல்லும்போது நான் இறங்கி முடித்திருப்பேன். பதறி இழுப்பேன், அது ‘ஏறுகிறாய்’ என்று சொல்வதற்குள் 300 அடி ஏறியிருப்பேன். அந்த ஆறு விநாடிக் கோடு இங்கே எங்கும் இல்லை. மூக்கைச் சமநிலையில் நிறுத்தும் ட்ரிம் சக்கரத்தை இதுவரை என் சார்பில் ஆட்டோபைலட்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஜாய்ஸ்டிக்கைக் கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தேன்.

“மாமா, உள்ள பார்க்காதீங்க. வெளிய பாருங்க. மூக்கு எங்க இருக்கு, அடிவானம் எங்க இருக்கு, அவ்வளவுதான்.”

கண் முள்ளை விட்டு நகரவில்லை. அவள் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் நான்கு தாள் கிழித்து வந்தாள். நாக்கில் விரலைத் தொட்டு, திரையில் மீட்டர்கள் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினாள். அவர்கள் சார் இப்படித்தான் மீட்டர்களை மறைத்துவிடுவாராம். நல்ல நேரம், எமகண்டம், மிதுனத்துக்கு லாபம். அதற்கு மேலே திருப்பரங்குன்றம் மலை மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓடுபாதைக்கு இணையாக மேற்கே போக வேண்டியவன், வடக்கே நழுவி 1,100 அடிக்கு இறங்கியிருந்தேன்.

அப்போது என் வலது கை மவுஸுக்குப் போனது. பாறை முகத்துக்கு நேரே வந்து நிற்க, சுட்டி திரையில் ஏபி பொத்தானைத் தேடி அலைந்தது. அந்த 152-இல் அப்படி ஒரு பொத்தானே கிடையாது. அவள் அந்தச் சுட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தவளிடம், “ஜாய்ஸ்டிக்ல கோளாறும்மா. உள்ள பொட்டென்ஷியோமீட்டர் தேஞ்சுபோச்சு, நடுவுல நிக்க மாட்டேங்குது. ரெண்டு மாசமாவே இப்படித்தான்” என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது! “அப்படித்தான் நினைச்சேன் மாமா” என்றாள். அந்தப் பெருந்தன்மை இன்னும் உறுத்துகிறது.

பொய்க்குக் காவல் போட வேண்டுமே. அடுத்த வாரம் புது ஜாய்ஸ்டிக் வாங்கினேன். படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். “பழசுல என்ன குறை?” என்று மனைவி கேட்டதற்குப் பொட்டென்ஷியோமீட்டர் பாடத்தை அவளுக்கும் நடத்தினேன். பழையதை மஞ்சப்பையில் சுற்றிப் பரணில் போட்டேன். போடும் முன் ஒரு சோதனை செய்தேன். கையை எடுத்ததும் முடி அளவும் பிசகாமல் நடுவில் வந்து நின்றது.

இப்போது ராத்திரியில் 152-ஐ எடுக்கிறேன். நாள்காட்டித் தாளை ஒட்டிக்கொள்கிறேன். ஆறேழு நிமிடம் போகும். பிறகு கழுத்து இறுகும், தாளின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்ப்பேன். நேற்று பத்தாவது நிமிடத்தில் 152-ஐ மூடிவிட்டு 172-க்குப் போய், 400 அடியில் ஏபியைத் தட்டிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

போன வாரம் அவள் முதன்முறையாகத் தனியாகப் பறந்திருக்கிறாள். இறங்கியதும் வழக்கப்படி வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டியிருக்கிறார்கள். சொட்டச் சொட்ட நின்று சிரிக்கும் படம் வந்தது. கூப்பிட்டு வாழ்த்தினேன். காற்று எப்படி இருந்தது, எத்தனை சுற்று என்றெல்லாம் பேசிவிட்டு, வைக்கும் முன் கேட்டாள்: “புது ஜாய்ஸ்டிக் எப்படி இருக்கு மாமா?”

“நல்லா பிடிக்குதும்மா” என்றேன். “பழசு மாதிரி இல்ல.”