நீடித்து உழைக்கும் வட்டம்

மெல்பர்ன் புறநகர்களில் வேலிக்கு அப்பால் தெரியும் புழக்கடைகளில் மூன்று பொருட்களை அடிக்கடி காணலாம்: துணி உலர்த்தும் சுழல்கம்பி, ஓர் எலுமிச்சை மரம், கறுப்பு வலை சூழ்ந்த டிராம்போலின். முதல் இரண்டும் வீட்டில் குடியிருப்பவர்கள் மாறினாலும் மாறாமல் நிற்பவை. மூன்றாவதன் ஆயுள் அத்தனை உறுதியானதன்று. வீட்டுக்கு ஆகாத பெரிய சாமான்களைத் தெருவோரம் வைத்தால் உள்ளூராட்சி மன்றத்தின் வண்டி வந்து அள்ளிச் செல்லும் நாட்கள் இங்கே உண்டு. பழைய கட்டில், உடைந்த நாற்காலி இவற்றோடு ஏதாவது ஒரு டிராம்போலினும் கால்கள் வானம் பார்க்கப் புல்மேல் கிடக்கும்.

மகளுக்கு எட்டு வயது நிறைந்தபோது ஒன்று வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. கடைகளுக்குப் போகுமுன் சில வாரங்கள், மாலை நடையின்போது தெருவோரத்தில் கிடப்பவற்றை நின்று பார்க்கலானேன். ஒரு பொருள் எப்படி வாழும் என்பதை விற்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். எப்படிச் சாகும் என்பதைக் குப்பையில்தான் பார்க்க வேண்டும். நான் கண்டவற்றுள் பெரும்பாலானவற்றில் எஃகுச் சட்டம் நன்றாகவே இருந்தது. வலைதான் நார்நாராகக் கிழிந்திருந்தது. சுருள்விற்களை மூடும் விளிம்பு மெத்தை வெடித்து, உள்ளிருந்த நுரைப்பஞ்சு மஞ்சளாக உதிர்ந்துகொண்டிருந்தது. குதிக்கும் விரிப்பு முழுதாக இருந்த சிலவற்றிலும் அதன் விளிம்புத் தையல் விரலால் இழுத்தாலே பிரிந்து வந்தது.

காரணம் வெயில். விரிப்பு பாலிப்ரொப்பிலீன் இழைகளால் நெய்யப்படுவது. வலை பெரும்பாலும் பாலிஎத்திலீன். இரண்டும் மழைக்கு அஞ்சாதவை, புற ஊதாக் கதிருக்கு அஞ்சுபவை. அந்தக் கதிர் அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை இடைவிடாது அறுத்துக்கொண்டிருக்கும். மெல்பர்னில் கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது சாதாரணம். 3ஐ எட்டினாலே தொப்பியும் களிம்பும் வேண்டும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கணக்கு. பிள்ளைகளுக்குப் பூசும் களிம்பை வலைக்குப் பூச முடியாது. அதற்குரிய காப்புப் பொருளை இழை உருவாகும்போதே கலந்திருக்க வேண்டும்.

கடைக்காரரோ சட்டத்தைப் பற்றியே பேசினார். குழாயின் சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எத்தனை கிலோ தாங்கும், பத்தாண்டு உத்தரவாதம் என்று அடுக்கினார். தவறில்லை, கேட்க வேண்டியவைதான். எஃகுக் குழாய் உட்புறமும் வெளிப்புறமும் துத்தநாகப் பூச்சு பெற்றதா என்பதும், பற்றவைத்த இடங்களில் அந்தப் பூச்சு மீண்டும் இடப்பட்டதா என்பதும் அவசியமான கேள்விகளே. துரு பெரும்பாலும் பற்றவைப்பில் தொடங்கி, நீர் தேங்கும் குழாயின் உள்ளே யார் கண்ணிலும் படாமல் பரவுவது. ஆனால் உத்தரவாத அட்டையைத் திருப்பிப் படித்தால் சட்டத்துக்குப் பத்தாண்டு, விரிப்புக்கு ஐந்து, வலைக்கும் மெத்தைக்கும் ஒன்றே ஒன்று என்று பொடி எழுத்தில் இருந்தது. தெருவோரத்தில் நான் கண்டதையே அட்டையும் சொன்னது.

எனவே ஒரே ஒரு கேள்வியைக் கடைக்குக் கடை கேட்டேன்: வலையும் விரிப்பும் மெத்தையும் தனித்தனியே கிடைக்குமா, ஐந்தாண்டு கழித்தும் கிடைக்குமா? சில கடைகளில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. கிழிந்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நீடித்து உழைப்பது என்றால் எதுவும் கெடாமலிருப்பது என்று நாம் எண்ணுகிறோம். வெயிலில் நிற்கும் பொருளுக்கு அது வாய்க்காது. கெடுகிற பகுதியை மாற்றிக்கொள்ள இடம் தருவதே அதன் உழைப்பு. கூரை ஓட்டை ஆண்டுதோறும் மாற்றி மாற்றியே நூறாண்டு நிற்கும் வீடுகள் நம் ஊர்களில் இல்லையா!

அளவைத் தோட்டமே முடிவு செய்தது. சுற்றிலும் இரண்டு மீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்பது இங்கே தரப்படும் அறிவுரை. எங்கள் புல்தரையின் குறுகிய பக்கம் ஏழு மீட்டர். இருபுறமும் இரண்டிரண்டு போனால் எஞ்சுவது மூன்று, ஏறக்குறையப் பத்தடி வட்டம். பன்னிரண்டடிக்கு ஆசைப்பட்ட மகளுக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவள் வேலியை நகர்த்த முடியுமா என்று கேட்டாள்.

இந்தக் கருவியின் கதையையும் அப்போது படித்தேன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து இளைஞர் ஜார்ஜ் நிசன், சர்க்கஸில் அந்தரத்தில் ஆடுபவர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே வலையில் விழுந்து துள்ளி எழுவதைக் கண்டார். அந்தத் துள்ளலை மட்டும் தனியே பிரித்தெடுக்க முனைந்து, 1930களில் தம் பயிற்சியாளர் லாரி கிரிஸ்வால்டோடு சேர்ந்து இதை உருவாக்கினார். குதிபலகையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லே இதன் பெயராயிற்று. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் இது பதக்க விளையாட்டானபோது நிசன் உயிரோடிருந்தார். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகப் பொறியாளர் கீத் அலெக்சாண்டர் மற்றொரு வழியில் சென்றார். தம் மகளுக்கு ஒன்று வாங்க அவர் எண்ணியபோது, ஆபத்தானது என்று மனைவி மறுத்ததே தொடக்கம் என்பார்கள். சுருள்விற்களை அறவே நீக்கி, விரிப்புக்குக் கீழே வளையும் கண்ணாடியிழைக் கழிகளை வைத்தார். விழுந்தால் அடிபடும் இரும்பு விளிம்பு குதிக்கும் தளத்திலிருந்து மறைந்தது. அந்த வகையின் விலை எங்கள் கணக்குக்குள் வரவில்லை. அந்த மறுப்பு மட்டும் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது.

மனைவி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்திருந்தாள். வீட்டில் டிராம்போலினே வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் குதிக்கும்போது நேர்பவை. அவர்களுள் அதிகம் அடிபடுவது உருவில் சிறியவர். இதன் இயக்கம் எளிது. கனமானவர் விழுந்து அமுக்கிய விரிப்பு, சேமித்த ஆற்றலை யாருக்குத் தருவது என்று பார்ப்பதில்லை. அந்த நொடியில் அருகே நிற்கும் சிறு பிள்ளை தன் வலுவுக்கு மீறிய உயரத்துக்கு எறியப்படும். விரிப்பு மேலெழும் வேளையில் பிள்ளை கீழிறங்கினால், மெத்தென்ற பரப்பே கெட்டித் தரையாகி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பை முறித்துவிடும். ஆறு வயது நிரம்பாதவர்களுக்கு இது கூடவே கூடாது.

எங்கள் மகனுக்கு அப்போது நான்கு வயது.

"ரெண்டு பேருக்கும் பொதுவா வாங்குறதா சொல்லிட்டு, ஒருத்தனைத் தள்ளி நிறுத்தப் போறீங்களா?" என்றாள். "அவனுக்கு ஆறு வயசாகட்டும், வாங்கலாம்" என்றும் சொன்னாள். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குள் மகளுக்குப் பத்து ஆகிவிடும். எட்டு வயதின் குதியல் பத்து வயதுக்குக் காத்திருக்குமா? எவ்வளவு தடித்த எஃகாலும் இந்தக் கேள்வியைத் தாங்க முடியாது என்று அன்றிரவு தோன்றியது. வலையும் விளிம்பு மெத்தையும் விழுவதைச் சற்று மென்மையாக்கலாம். முக்கால் பங்கு ஆபத்தைத் தடுக்கும் உறுப்பு எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. 'ஒருவர் இறங்கிய பின் அடுத்தவர்' என்ற விதியை வீட்டில்தான் செய்துகொள்ள வேண்டும்.

கடைசியில் வாங்கினோம். வலை சுருள்விற்களுக்கு உட்புறம் அமைந்தது, ஆஸ்திரேலியத் தர எண் 4989 பொறித்தது, உதிரிப் பாகங்கள் தனியே கிடைப்பது. காற்றில் பறக்காதிருக்கத் தரையில் திருகிப் பதிக்கும் கொக்கிகளையும் சேர்த்து வாங்கினேன். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது லண்டனில் ஒரு டிராம்போலின் பறந்து போய் ரயில் தண்டவாளத்தில் விழுந்து வண்டிகளை நிறுத்தியது. ஏணியைக் கழற்றிக் கொட்டகையில் பூட்டினாள் மனைவி. மகள் குதிக்கும்போது மட்டும் அது வெளியே வரும்.

மகன் புல்லில் உட்கார்ந்து அக்காளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்கள் எளிதாக இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மாதான் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தாள். "எங்க காலத்துல புளியமரத்துல கயிறு கட்டி ஆடுவோம் ராசா. கீழ நிக்கிறவதான் எண்ணுவா. நூறு ஆயிட்டுன்னா ராணியா இருந்தாலும் இறங்கணும்." அன்று முதல் அவன் எண்ணினான். அறுபதுக்கு மேல் தமிழ் எண்கள் அவனுக்கு அந்தப் புல்தரையில்தான் வந்தன. எழுபத்தொன்பதுக்கும் எண்பதுக்கும் இடையில் அக்காளுக்குச் சில குதிகள் இலவசமாகவே கிடைத்தன. நூறு வந்ததும் "இறங்கு" என்று அவன் போடும் உத்தரவுக்கு அவள் மறுபேச்சில்லாமல் இறங்கினாள்.

இரண்டு கோடைகள் கழிந்துவிட்டன. சென்ற மார்ச் மாதம் வலையின் மேல்விளிம்பு இற்றுவிட, புது வலை வாங்கி மாட்டினேன். அரை நாள் வேலை. விரிப்பின் தையல் இன்னும் உறுதியாக இருக்கிறது. சட்டத்தில் துருவின் பொட்டுக்கூட இல்லை. மகனுக்கு ஆறு முடிந்து, ஏணி அவனுக்காகவும் வெளியே வருகிறது. நூறு எண்ணும் விதி நீடிக்கிறது. எண்ணுவது இப்போது அக்காளின் முறை.

சட்டத்துக்கு இன்னும் எட்டாண்டு உத்தரவாதம் பாக்கி. மகள் இப்போதெல்லாம் ஐம்பது வருமுன்பே தானாக இறங்கி, தம்பிக்கு இடம் விட்டுவிட்டு, கையில் புத்தகத்தோடு எலுமிச்சை மரத்தடிக்குப் போய்விடுகிறாள்.