அனலைதீவுப் படகும் தங்கக் கடிகாரமும்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள அனலைதீவுக்குப் பாலம் கிடையாது. ஊர்காவற்றுறையில் படகேறித்தான் போகவேண்டும். படகைத் தவறவிட்டால் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். அங்கே கைக்கடிகாரத்தின் வேலை நேரம் காட்டுவது மட்டுமே.

1969-ல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. நாளடைவில் துல்லியமான நேரம் மலிவாகிவிட்டது. விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரக்காரர்கள் என்ன செய்தார்கள்? கௌரவத்தையும் பரம்பரைப் பெருமையையும் விற்கத் தொடங்கினார்கள். 1996-ல் படேக் பிலிப் தொடங்கிய விளம்பரம், கடிகாரத்தை அடுத்த தலைமுறைக்கான அமானிதம் போலவே காட்டியது.

ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது என்று அறிந்தும், மாப்பிள்ளைக்குத் தங்கக் கடிகாரம் போடக் கடன் வாங்குகிறோமே! காலத்தின் மீது அல்லாஹ் சத்தியம் செய்கிறான் (அல்குர்ஆன் 103:1). நம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டியது நேரந்தவறாத தொழுகையைத்தான். கடிகாரத்தின் விலையைப் பார்த்துப் படகு காத்திருப்பதில்லை, சகோதரிகளே!