குத்தாத முத்திரை

கும்மிடிப்பூண்டி முகாம்

அன்பு மருமகள் துளசிக்கு,

"அம்மா கனடா வந்து ஆறே வருசத்தில் சிட்டிசன், மாமா மட்டும் ஏன் இன்னும் அகதி?" என்று கேட்டிருந்தாய். போனில் கதைக்கத் தொடங்கினால் உன் மாமி பக்கத்தில் நின்று அழுவாள். அதனால் எழுதுகிறேன்.

1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டதும் பேசாலையில் இரவோடிரவாக வள்ளம் ஏறினோம். உன் அம்மாவுக்கு எட்டு வயது, எனக்கு ஆறு. ஓட்டி எங்களைத் தனுஷ்கோடிப் பக்கம் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். விடிந்த பிறகு மண்டபம் முகாம். பெயர் எழுதினார்கள், சோறு போட்டார்கள். முத்திரை மட்டும் குத்தவில்லை. பாஸ்போர்ட்டே இல்லாதவனுக்கு எதில் குத்துவது?

அந்த இல்லாத முத்திரைதான் இன்றுவரை துரத்துகிறது. செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 2003-இல் திருத்திய குடியுரிமைச் சட்டப்படி அவர் எத்தனை வருசம் இருந்தாலும் விண்ணப்பிக்கவே முடியாது. அம்மாவின் மடியில் வந்த பிள்ளைக்கும் அதே பெயர்தான். 2019-இல் விலக்குக் கொடுத்தபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் எழுதினார்கள், இலங்கையை எழுதவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கூத்தைக் கேள். மாமி 1986-இல் மண்டபத்தில் பிறந்தவள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், தாய் தகப்பன் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர். அவள் தம்பி பிறந்தது 1988. அதே முகாம், அதே ஆஸ்பத்திரி, அவன் அகதி. தான் இந்தியப் பிரஜை என்பது அவளுக்கே 2022-இல்தான் தெரியும். அவளைப் போல முகாமில் பிறந்த ஒருத்திக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்ட செய்தியைப் பேப்பரில் பார்த்தாள். அதுவரை அவளும் பதிவு நாளில் என்னோடு வரிசையில் நின்றவள்தான்.

சரி, தாய் இந்தியர். 2008-இல் பிறந்த உன் மச்சாள்? 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. மற்றவர் நான். பெயிண்ட் அடித்து அவளைக் கல்லூரிக்கு அனுப்ப என்னால் முடிகிறது. அவளுக்கு ஒரு நாடு கிடைப்பதற்குத்தான் நான் குறுக்கே நிற்கிறேன்.

2021-இல் முகாமுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். அகதி என்ற சொல் போனதில் எனக்குச் சந்தோசம்தான், பொய் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் இன்னொரு ஆணை: 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணம் இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. நல்லது. சிறைக்குப் போகமாட்டேன், ஓட்டுப் போடவும் மாட்டேன்.

மாமி பாஸ்போர்ட்டுக்கு எழுதப் போகிறாள். மகளுக்கும் எனக்கும் வழி உண்டா என்று வக்கீல் பார்க்கிறார். 1990 பதிவுச் சீட்டைக் கேட்கிறார். என்னிடம் இருந்தது ஒரு மழையில் கரைந்துபோனது. உன் அம்மாவின் பழைய தகரப் பெட்டியில் ஒன்று இருக்கும். இரண்டு பக்கமும் படம் பிடித்து அனுப்பு, பிள்ளை.

அன்புடன்,
மாமா