பாட்டனார் கட்டம்

ஐப்பசி 9

பெரியப்பாவின் பேரன், இலங்கையில் ஹட்டனில் வாத்தியார் வேலை பார்ப்பவன், ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுடைய அப்பாவின், அதாவது எனக்கு அண்ணன் முறை ஆகிறவரின், பிறப்புச் சான்றிதழ். நம் ஊரில் அப்பா, அம்மா பெயரோடு சங்கதி முடிந்துவிடும். இலங்கைச் சான்றிதழில் பாட்டனாருக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால்தான் அவருடைய பெயரும் ஆண்டும் இடமும் அதில் ஏறும். தந்தை வெளியே பிறந்து, பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அடுத்த கட்டம் பூட்டனாருக்கு. அண்ணனின் சான்றிதழில் இரண்டு கட்டத்திலும் கோடு இழுத்திருக்கிறார்கள். எங்கள் தாத்தா குளத்தூரில் பிறந்தவர் என்பதற்கு இலங்கை அரசாங்கம் கொடுத்திருக்கும் ஒரே அத்தாட்சி அந்தக் கோடுதான்.

அதை வைத்துக்கொண்டு இந்தியாவில் ஒன்றும் செய்ய முடியாது. "சித்தப்பா, பூட்டன் குளத்தூருல பிறந்தவர்னு ஒரு பேப்பர் கிடைச்சாப் போதும்" என்கிறான். ஓசிஐ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கப் போகிறானாம். 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடியுரிமைக்குத் தகுதியாக இருந்தவரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை அதைக் கேட்கலாம். குடியுரிமை என்று பெயரில் இருக்கிறதே தவிர, ஓட்டு கிடையாது. விவசாய நிலம் வாங்க முடியாது. பூட்டன் ஊரில் ஒரு குறுக்கம் கரிசலைக்கூட அவன் பெயருக்குப் பத்திரம் முடிக்க விடமாட்டார்கள். அதைச் சொன்னேன். "பரவாயில்ல, வந்து போக முடியுமே" என்றான்.

ஐப்பசி 12

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. உளுந்தில் களை மண்டிவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றிப் படித்தேன்.

அந்தச் சட்டப்படி அங்கே பிறந்தால் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய்வழி கணக்கிலேயே வரவில்லை. தேயிலைக் கொழுந்து பறித்து அந்த நாட்டை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதை நினைத்தால் இது இன்னும் உறைக்கிறது. பெரியப்பாவும் அப்பாவும் இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஆனால் அவர்களைப் பெற்றவர் குளத்தூர்க்காரர். அதனால் 1948 நவம்பர் 15 அன்று இருவரும் எந்த நாட்டுக்காரர்களும் இல்லாமல் ஆனார்கள். மறு வருஷம் இன்னொரு சட்டம் வந்தது. கல்யாணம் ஆனவர்கள் ஏழு வருஷம், ஆகாதவர்கள் பத்து வருஷம் இடைவிடாமல் அங்கே இருந்ததாகக் காட்டினால் பதிவு செய்யலாம் என்றார்கள். எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின; கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. ஊரில் தாயார் சாவுக்கு வந்துபோன கப்பல் பயணத்தையும் 'இடைவெளி' என்று எழுதி மனுவைத் தள்ளிய கதைகளை அப்பா சொல்லியிருக்கிறார்.

அயர்லாந்தில் பாட்டியோ தாத்தாவோ பிறந்திருந்தால் போதும், அமெரிக்காவில் இருக்கும் பேரன் அயர்லாந்துக் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம். இத்தாலி எத்தனை தலைமுறை ஆனாலும் சரி என்று விட்டிருந்ததை இந்த 2025இல்தான் பாட்டன் அளவோடு நிறுத்தியது. அவர்கள் தாத்தாவைத் தேடுவது பேரனை உள்ளே அழைக்க. இலங்கை தேடியது வெளியே நிறுத்த.

ஐப்பசி 14

அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். கண்டியில் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை. இரண்டிலும் பூர்வீகம் குளத்தூர் என்று இருக்கிறது. அப்போது திருநெல்வேலி மாவட்டம்.

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப்பாதி ஆக்கினார்கள். பாகப்பிரிவினையில் ஆட்டுக்குட்டிகளைப் பிரிப்பதுகூட இதைவிடப் பார்த்துச் செய்வார்கள். அப்பா இந்தியா என்று எழுதிக் கொடுத்தார். பெரியப்பா இலங்கை என்று எழுதினார். ஏன் என்று கேட்டால் அப்பா, "அண்ணன் அங்க ரெண்டு மாடு வச்சிருந்தாரு" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

அப்பா கண்டி ஆபீஸில் தாத்தா பிறந்த ஊரை எப்படி நிரூபித்தார்? குளத்தூர் கிராம முன்சீப்புக்குக் கடிதம் எழுதினாராம். 'மேற்படியாரின் குடும்பம் இவ்வூரைச் சேர்ந்தது, எனக்குத் தெரியும்' என்று முன்சீப் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான். தெரிந்த மனுஷன் தெரியும் என்று சொன்னதை ஒரு காலத்தில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஐப்பசி 17

தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேட ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கணக்குப்பிள்ளை பதவிகளை எடுத்தபோது அவர்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் இருந்த கணக்குகள் கைமாறின. வந்து சேர்ந்தது எது, கரையான் தின்றது எது என்று யார் பார்த்தார்கள்? கிடைத்த பழைய ஏடு ஒன்றில் விரல் வைத்துக்கொண்டே போனேன். குழந்தையின் பெயர் எழுதும் இடம் வரிசையாகக் காலி. ஆண், பெண், அப்பன் பெயர், சாதி. பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்குள் தலையாரி வந்து கேட்டுப் போயிருப்பான். அதுவும் தாத்தா பிறந்ததற்கு ரொம்பப் பின்னால் எழுதிய ஏடு. அப்பன் பெயரைப் பிடித்துத் தேடலாம் என்றாலும் இந்தப் பக்கம் பாதிப்பேர் சுடலை, மீதிப்பேர் மாடன்.

எழுத்தர் நல்ல மனுஷன். "பதிவு இல்லைன்னு வேணும்னா ஒரு சான்று தரலாம் சார்" என்றார். தாத்தா பிறந்ததற்குச் சான்று கிடையாது, சான்று கிடையாது என்பதற்குச் சான்று உண்டு. வாங்கிக்கொண்டேன். அதையும் சில இடங்களில் கேட்பார்களாம்.

ஐப்பசி 20

வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுக்கிறார்கள். 2002 அல்லது 2005 பட்டியலில் உன் பெயர் எங்கே, இல்லையென்றால் அப்பா அம்மா, தாத்தா பாட்டி பெயர் எங்கே என்று அதில் கேட்டிருக்கிறது. கீழத்தெரு ஆச்சி படிவத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "எய்யா, நான் வாக்கப்பட்டு வந்த ஊரு இது. எங்க அய்யா பேரு விருதுநகர் பக்கமில்ல இருக்கும். அவரு செத்து முப்பது வருசமாச்சு. அவரு எங்க ஓட்டுப் போட்டாருன்னு நான் எங்கன போய்த் தேட?" ஆச்சியின் பெயரே 2002 பட்டியலில் இருந்தது, எழுத்து மட்டும் மாறிக் கிடந்தது. பூர்த்தி செய்து கொடுத்தேன். ஹட்டன் பையனுக்கு வந்த கேள்வி ஆச்சிக்கும் வந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். "உங்களுக்கும்தான் வந்திருக்கு, முதல்ல உங்க பாரத்தை எழுதுங்க" என்றாள்.

ஐப்பசி 27

வேம்பார்க்காரர் ஒருவர் என் நண்பர். கத்தோலிக்கர். அவர் குடும்பத்துக்குப் பங்குக் கோயில் ஏட்டில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அரசாங்கம் எழுதாததைச் சாமியார் எழுதிவைத்திருக்கிறார். நிலம் வைத்திருந்த வீடுகளில் அடமானப் பத்திரம், பாகப்பத்திரம், கிரயப் பத்திரம் ஏதாவது ஒன்றில் 'இன்னார் மகன் இன்னார்' என்று பாட்டன் வரை போகிறது.

எங்கள் வீட்டில் நிலமும் இல்லை, கோயில் ஏடும் இல்லை. தாத்தாவுடையது வாரத்துக்கு உழுத குடும்பம். பஞ்ச காலத்தில் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு தட்டப்பாறைக்கு நடந்து போனார்களாம். மண்டபம் முகாம் வருவதற்கு முன்னால், தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் போகிறவர்களை அங்கேதான் நோய்த்தடுப்புக்காகத் தங்க வைத்தார்கள். கழுத்தில் ஒரு தகரவில்லை கட்டுவார்கள். அதில் தோட்டத்தின் எண் பொறித்திருக்கும், வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்று தெரிவதற்காக. தோட்டத்துக்குப் போனதும் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் பேர். கங்காணியின் கடன் கணக்கில் பேர். சம்பளத்தில் பிடித்த அரிசிக் கணக்கில் பேர். அந்த மனுஷனைப் பற்றி ஆயுசு முழுக்க யார் யாரோ எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லாம் அவர் கொடுக்க வேண்டியதைப் பற்றி. எங்கே பிறந்தார் என்பதால் யாருக்கும் காசு வரவில்லை, அதனால் அதை ஒருவரும் எழுதவில்லை.

பரம்பரையை நிரூபி என்று சட்டம் கேட்கும்போது, சொத்தை நிரூபி என்றுதான் என் காதில் விழுகிறது. சொத்து இருந்தவனுக்கு மூதாதையும் இருக்கிறான்.

கார்த்திகை 4

அப்பாவின் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, அப்பாவும் பெரியப்பாவும் உடன்பிறந்தவர்கள் என்பதற்குத் தோட்டத்தில் பதிந்த இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள், பதிவு இல்லை என்ற சான்று. எல்லாவற்றையும் நகலெடுத்து அனுப்பிவிட்டேன். 1972இல் இந்தியா என் அப்பாவை ஏற்றுக்கொண்டது, அவருடைய அப்பா இங்கே பிறந்தவர் என்பதால். அதே அப்பாதான் பெரியப்பாவுக்கும். இதைவிடத் தெளிவான தர்க்கம் எனக்குத் தெரியவில்லை. தாத்தாவின் பெயர் ஒரு தாளில் 'முத்து' சேர்ந்தும் இன்னொன்றில் சேராமலும் இருப்பதைத்தான் கவுண்டரில் பிடித்துக்கொள்வார்கள். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டும்.

கார்த்திகை 16

டிட்வா புயல் நம் பக்கம் மேகத்தோடு போய்விட்டது. இலங்கையில் மலை சரிந்து நூற்றுக்கணக்கில் சாவு. கண்டி, பதுளை, நுவரெலியா என்று செய்தியில் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பையனுக்குப் போன் போகவில்லை. இன்று சாயங்காலம்தான் பேசினான். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மேடு இறங்கி நான்கு காம்பரா வீடுகளை மூடிவிட்டது. ஆட்கள் தப்பித்துவிட்டார்கள். எல்லாரும் அவனுடைய பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.

பிரமாணப் பத்திரம் தயார் என்று சொன்னேன். "அது இருக்கட்டும் சித்தப்பா. இடிஞ்ச வீட்டுக்கு நட்டஈடுன்னு பேசுறாங்க. உறுதிப் பத்திரம் கேட்டா என்ன காட்டுறது?"

லயம் தோட்டத்துடையது. தோட்டம் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. மண் அரசாங்கத்தினுடையது. தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் குடியிருக்கிறார்கள் என்பதற்கு செக்ரோல் இருக்குமே என்று கேட்டேன். தோட்ட ஆபீசுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டதாம்.